ஐஆர்சி: உரிமையாளர் இல்லாத அரட்டை

ஐஆர்சி என்று சுருக்கமாக வழங்கும் இன்டர்நெட் ரிலே சாட் 1988 ஆகஸ்ட் மாதக் கடைசியில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எழுதியவர் யார்க்கோ ஓய்க்கரினென். அந்தக் கோடையில் அவர் தகவல் செயலாக்கத் துறையில் வேலை பார்த்தார். துறையின் சன் கணினி ஒன்றைப் பராமரிப்பது அவர் பொறுப்பு. அதற்கு முழு நேரமும் தேவைப்படவில்லை. மிஞ்சிய நேரத்தில், பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஔலுபாக்ஸ் என்ற பொது அறிவிப்புப் பலகையை மேம்படுத்த முனைந்தார். அதில் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொள்ள யுக்கா பில் எழுதிய மட் என்ற நிரல் ஏற்கனவே இருந்தது. ஆனால் அது சரியாக ஓடாது. அதற்கு மாற்றாக எழுதியதுதான் ஐஆர்சி. அறிவிப்புப் பலகைக்கான மற்றத் திட்டங்கள் அப்படியே நின்றுபோயின. அரட்டைப் பகுதி மட்டும் ஊர் தாண்டிப் போயிற்று.

கணினி வழியே உடனுக்குடன் பேசுவது அப்போதே புதிதல்ல. 1973இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியமைப்பில் டக் பிரவுனும் டேவிட் உல்லியும் டாக்கோமேட்டிக்கை உருவாக்கியிருந்தார்கள். ஓர் அறையில் ஐந்து பேர் பேசலாம். ஒருவர் அடிக்கும் எழுத்து அடித்த கணமே மற்றவர் திரையில் தெரியும். 1980இல் கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்கக் கட்டணச் சேவை சி.பி. சிமுலேட்டர் என்ற அரட்டை வசதியைத் தொடங்கியது. யூனிக்ஸ் கணினிகளில் இருந்த டாக் நிரல் இருவருக்கு மட்டுமே உதவும். 1985இல் ஜெஃப் கெல் எழுதிய பிட்நெட் ரிலேதான் ஐஆர்சிக்கு நேரடி முன்னோடி. பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலையில், ஒரு கணினி வாங்கிய செய்தியை அடுத்த கணினிக்குக் கைமாற்றும் முறையை அது நடைமுறைப்படுத்தியிருந்தது. ஓய்க்கரினென் அதைப் பயன்படுத்திப் பழகியவர். அந்த முறையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்.

ஔலுவில் பத்துப் பேருக்கு மேல் சேரத் தொடங்கியதும், தாம்பெரே, ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இருந்த நண்பர்களிடம் தங்கள் கணினியிலும் ஒரு சர்வரை நிறுவும்படி அவர் கேட்டார். பின்லாந்துக்காரர் அல்லாதவர்களில் அவர் இந்த நிரலைக் கொடுத்த முதல் ஆள் விஜய் சுப்பிரமணியம் என்பவர். அவர் தம் நண்பர்களுக்குக் கொடுக்க, அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்திலும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர்கள் தங்களுக்குள் ஒரு வலையை அமைத்துக்கொண்டு, பின்லாந்து வலையோடு இணைய அனுமதி கேட்டார்கள். 1989 நடுவில் உலகெங்கும் சுமார் 40 சர்வர்கள் இருந்தன. இதில் எந்த நிறுவனமும் முதலீடு செய்யவில்லை, விளம்பரமும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆர்வமுள்ள ஒருவர் சர்வரை நிறுவுவார். பக்கத்து ஊரில் ஏற்கனவே சர்வர் நடத்துபவர் அதைத் தம்முடையதோடு இணைத்துக்கொள்வார். வலை அப்படித்தான் வளர்ந்தது. பின்னாளில் ஐஆர்சி அழியாமல் நின்றதற்கான காரணம் இந்தத் தொடக்கத்திலேயே இருக்கிறது.

இது இயங்கும் விதம் எளிது. பயனர் தம் கணினியில் உள்ள சிறு நிரலின் மூலம் ஏதாவது ஒரு சர்வரோடு இணைகிறார். தமக்கென ஒரு புனைபெயர் வைத்துக்கொள்கிறார். # குறியில் தொடங்கும் ஒரு சேனலுக்குள் நுழைகிறார். அந்தப் பெயரில் சேனல் இல்லையென்றால், நுழைந்த கணத்தில் அது உருவாகிறது. முதலில் வந்தவர் அதன் நிர்வாகி. கடைசி ஆள் வெளியேறியதும் சேனல் மறைந்துவிடும். சர்வர்கள் ஒன்றோடொன்று மரக்கிளை போலப் பிணைந்திருக்கும். எந்த இரண்டு சர்வருக்கும் இடையே ஒரே ஒரு பாதைதான். ஔலுவில் ஒருவர் அடித்த வரி அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கச் சர்வருக்கு ஒரே ஒரு முறை போகும். அங்கே அந்தச் சேனலில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது பேருக்கும் அந்தச் சர்வரே பிரித்துக் கொடுக்கும். கண்டங்களுக்கு இடையிலான இணைப்பு மெதுவாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்த காலத்தில் இந்தச் சிக்கனம்தான் ஐஆர்சியைச் சாத்தியமாக்கியது. சர்வர் எந்தப் பேச்சையும் சேமித்து வைப்பதில்லை. வாங்குகிறது, கொடுக்கிறது, மறந்துவிடுகிறது.

1993 மே மாதம் ஓய்க்கரினெனும் ஆஸ்திரேலியரான டேரன் ரீடும் இந்த விதிகளை ஆர்எஃப்சி 1459 என்ற ஆவணமாக எழுதி வெளியிட்டார்கள். ஒரு செய்தி, வரி முடிவுக் குறி இரண்டையும் சேர்த்து 512 பைட்டுக்கு, அதாவது 512 ஆங்கில எழுத்துக்கு, மேல் போகக் கூடாது. புனைபெயர் ஒன்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும். சர்வர் அவ்வப்போது ‘பிங்’ என்று கேட்டால் பயனரின் நிரல் ‘பாங்’ என்று பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இணைப்பு அறுக்கப்படும். எல்லாம் வெறும் எழுத்து வரிகள். திரையில் பார்த்தாலே மனிதருக்குப் புரியும். பிறந்த ஊரின் அடையாளமும் ஆவணத்தில் பதிந்திருக்கிறது. நெளிவு அடைப்புக்குறிகளும் நிமிர்ந்த கோடும், சதுர அடைப்புக்குறிகளுக்கும் சாய்கோட்டுக்கும் சிறிய எழுத்து வடிவங்கள் என்று அதில் ஒரு விதி உண்டு. பின்லாந்து, சுவீடன் கணினிகளில் அந்த இடங்களில்தான் அந்நாட்டு மொழிகளின் புள்ளியிட்ட உயிரெழுத்துகள் இருந்தன. ஸ்காண்டிநேவிய எழுத்துகளுக்காக ஏற்பட்ட அந்த விதியை ஏற்று நடக்கும் சர்வர்கள் இன்றும் உலகின் பல மூலைகளில் இயங்குகின்றன.

பல்கலைக்கழக மாணவர்களின் பொழுதுபோக்காக இருந்த ஐஆர்சியை வெளியுலகம் கவனித்தது 1991இல். அந்த ஆண்டு தொடக்கத்தில் வளைகுடாப் போர் மூண்டபோது, இணைப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே சேனலில் கூடினார்கள். வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் தங்கள் ஊர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டதை உடனுக்குடன் அடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் கோர்பச்சோவுக்கு எதிராக ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்து, அரசு ஊடகங்கள் வாயடைத்து நின்றபோதும் செய்திகள் ஐஆர்சியில் ஓடின. இரண்டு நிகழ்வுகளின் உரையாடல் பதிவுகளையும் சிலர் சேமித்து வைத்தார்கள். செய்தி நிறுவனத்தின் வழி வராமல், பார்த்தவரும் கேட்டவருமே உலகத்துக்கு நேரடியாக எழுதும் இன்றைய பழக்கத்துக்கு அவை மிகப் பழைய சான்றுகள்.

வளர்ச்சியோடு சண்டையும் வந்தது. ஐஆர்சியின் அரசியல் வரலாறு பெரும்பாலும் பிரிவினைகளின் வரலாறு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிஸ் என்ற பெயரில் ஒரு சர்வர் இருந்தது. கடவுச்சொல் எதுவும் கேட்காமல், யார் வேண்டுமானாலும் தம் சர்வரை அதோடு இணைக்கலாம் என்று அது கதவைத் திறந்து வைத்தது. விஷமிகள் அதன் வழியாக நுழைந்து மற்றவர்களின் பெயர்களை மோதவிட்டு வெளியேற்றினார்கள். 1990 ஆகஸ்டில் பெரும்பாலான சர்வர் நிர்வாகிகள் எரிஸைத் தள்ளிவைத்துத் தனி வலை அமைத்தார்கள். எரிஸ் இல்லாத வலை என்ற பொருளில் அதற்கு ஈஎஃப்நெட் என்று பெயர் வந்தது. கட்டுப்பாடே வேண்டாம் என்றவர்களின் ஏ-நெட் விரைவில் ஆளின்றிப் போனது. 1992 அக்டோபரில் அண்டர்நெட்டும், 1994 ஜூலையில் டால்நெட்டும் பிரிந்தன. பெயர்களையும் சேனல்களையும் பதிவுசெய்து பாதுகாக்கும் வசதியை டால்நெட் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

1996 ஜூலையில் நடந்த பெரும் பிளவு தனித்துப் பார்க்கத்தக்கது. இரண்டு சர்வர்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் வலை இரண்டு துண்டாகும். இதற்கு நெட்ஸ்பிளிட் என்று பெயர். ஒரு துண்டில் ஆளில்லாமல் போன சேனலுக்குள் யாராவது நுழைந்தால், முதலில் வந்தவர் என்ற கணக்கில் நிர்வாகியாகிவிடுவார். இணைப்பு திரும்பியதும் உண்மையான நிர்வாகிகளை வெளியே தள்ளுவார். அறுபடும் நேரத்துக்காகக் காத்திருந்து சேனல்களைப் பறிப்பது ஒரு வேட்டையாகவே நடந்தது. இதைத் தடுக்க இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. அறுபட்ட பெயரையும் சேனலையும் கொஞ்ச நேரம் யாரும் தொட முடியாதபடி பூட்டிவைப்பது ஒன்று. பெயருக்கும் சேனலுக்கும் நேர முத்திரை இட்டு, மூத்தது எதுவோ அதையே செல்லுபடியாக்குவது மற்றது. ஐரோப்பியர்கள் முதல் வழியையும் அமெரிக்கர்கள் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டார்கள். சர்வர் நிர்வாகிகளுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதிலும் கருத்து ஒத்துப்போகவில்லை. ஐரோப்பியச் சர்வர்கள் ஐஆர்சிநெட் என்று தனியே போயின. ஒவ்வொரு பிரிவும் அதே விதிநூலை எடுத்துக்கொண்டு போனதால், பயனர் தம் மென்பொருளை மாற்றவோ புதிதாகக் கற்கவோ நேரவில்லை. சர்வரின் முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டார்.

1995இல் காலித் மர்தம்-பே விண்டோஸ் கணினிகளுக்காக எம்ஐஆர்சியை வெளியிட்டதும், யூனிக்ஸ் தெரியாதவர்களும் திரளாக வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. யாஹூ அரட்டை அறைகளோடு எம்ஐஆர்சியும் அங்கே புழங்கியது. வயதும் ஊரும் கேட்டுத் தொடங்கும் பேச்சுகளில் தமிழ், ஆங்கில எழுத்தில்தான் ஓடியது.

ஐஆர்சியின் உச்சம் 2003ஐ ஒட்டிய ஆண்டுகள். அப்போது எல்லா வலைகளிலுமாகச் சுமார் 10 லட்சம் பேர் ஒரே நேரத்தில் இணைந்திருந்தார்கள் என்றும், 2012க்குள் அது 4 லட்சமாகச் சுருங்கியது என்றும் கணக்கிடப்பட்டது. சரிவுக்கு உடனடிக் காரணம் ஆட்கள் வேறு இடம் போனது மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான கணினிகளைக் களவாகக் கைப்பற்றி, ஒரே சர்வர் மீது போக்குவரத்தைக் கொட்டி மூழ்கடிக்கும் தாக்குதல்களை முதலில் பெருமளவில் பட்டு அனுபவித்தவை ஐஆர்சி வலைகளே. 2002 கடைசியிலும் 2003 தொடக்கத்திலும் டால்நெட்டை அணுகுவதே அரிதாக இருந்தது. சர்வர்களுக்கு இடம் கொடுத்த கல்லூரிகளும் இணையச் சேவை நிறுவனங்களும் அந்தச் சுமையைத் தாங்க மனமின்றி விலகின.

ஐஆர்சியின் இடத்தைப் பிடிக்க வந்த நிறுவனச் செயலிகள் என்ன ஆயின என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1996இல் தொடங்கிய ஐசிக்யூ 2024 ஜூனில் மூடப்பட்டது. 1997இன் ஏஐஎம் 2017 டிசம்பரில் நின்றது. எம்எஸ்என் மெசஞ்சர் 2013இல் ஸ்கைப்பில் கரைக்கப்பட்டது. அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் போனது. இவை ஒவ்வொன்றையும் ஒரு காலத்தில் கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். உரிமையாளர் கணக்குப் பார்த்து நிறுத்தியதும், அதில் கட்டிய பழக்கமும் தொடர்புப் பட்டியலும் சேர்ந்தே போயின. ஐஆர்சியை இப்படி நிறுத்தும் பொத்தான் எவர் கையிலும் இல்லை.

அப்படி ஒரு பொத்தான் தம் கையில் இருக்கிறது என்று ஒருவர் நம்பிச் செயல்பட்டால் என்ன ஆகும் என்பது 2021இல் தெரிந்தது. கட்டற்ற மென்பொருள் உலகின் பொதுக்கூடம் என்று சொல்லத்தக்கதாக அப்போது இருந்தது ஃப்ரீநோட் வலை. 1990களின் நடுவில் ராப் லெவின் லினக்ஸ் பயனர்களுக்கு உதவத் தொடங்கிய ஒரு சேனலிலிருந்து வளர்ந்து, 2002இல் இந்தப் பெயரைப் பெற்றது. உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா, குனு முதலிய பல திட்டங்களின் அன்றாடப் பேச்சு அங்கேதான் நடந்தது. சர்வர்களைக் கவனித்தவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். 2017இல் ஃப்ரீநோட்டின் பெயரில் இருந்த நிறுவனம் ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரின் வசம் போனது. 2021இல் வலையின் கட்டுப்பாடு யாருக்கு என்பதில் அவருக்கும் தன்னார்வலர்களுக்கும் இடையே தகராறு முற்றியது. வலை சட்டப்படி தம்முடையது என்பது அவர் வாதம். நிர்வாகத்தில் தலையிடுவதில்லை என்ற உறுதி மீறப்பட்டது என்பது தன்னார்வலர்களின் வாதம்.

2021 மே 19 அன்று தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பதவி விலகி, அன்றே லிபெரா சாட் என்ற புதிய வலையை அறிவித்தார்கள். சுவீடனில் பதிவுசெய்யப்பட்ட லாப நோக்கற்ற சங்கம் அது; மறுபடியும் ஒருவர் கைக்குப் போய்விடாதபடி உறுப்பினர்களுக்கு வாக்குரிமை வைத்து அமைக்கப்பட்டது. அடுத்த வாரம், தலைப்பு வரியில் லிபெராவைக் குறிப்பிட்டிருந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட சேனல்களை ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. தயங்கி நின்ற திட்டங்களும் அதன்பின் கிளம்பின. ஜூனில் ஃப்ரீநோட் வேறு மென்பொருளுக்கு மாறியபோது பழைய பெயர், சேனல் பதிவுகள் எல்லாம் அழிந்தன. சில வாரங்களில் உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா, குனு எல்லாம் லிபெராவில் வேலையைத் தொடர்ந்தன. டெபியன் இதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2006இல், ஓஎஃப்டிசி என்ற வேறொரு வலைக்கு மாறியிருந்தது. பெயரும் சர்வரும் ஒருவருக்குச் சொந்தமாகலாம். விதிகள் பொதுவில் இருக்கும்வரை, அங்கே கூடியிருந்த மனிதர்களைப் பிடித்துவைக்க அந்த உரிமையால் முடியாது. ஒரு பெரிய சமூகம் தன் பேச்சிடத்தை இவ்வளவு விரைவாக, இவ்வளவு குறைந்த சேதத்தோடு மாற்றிக்கொண்ட நிகழ்வு வணிகச் செயலிகளின் வரலாற்றில் காணக்கிடைப்பது கடினம்.

இந்தியாவிலும் ஐஆர்சி ஊன்றி நின்றது லினக்ஸ் பயனர் குழுக்களில்தான். சென்னைக் குழுவுக்கும் ஃப்ரீநோட்டில் சேனல் இருந்தது. மேற்கு வங்கத்தின் துர்காப்பூர் லினக்ஸ் பயனர் குழு இதில் ஒரு படி மேலே போனது. 2008 முதல் அது கோடைக்காலப் பயிற்சியை ஐஆர்சி சேனலிலேயே நடத்திவந்தது. படமில்லை, ஒலியில்லை, ஆசிரியர் வரிவரியாக அடிப்பார், மாணவர்கள் படிப்பார்கள். கேள்வி இருப்பவர் ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் அடித்துவிட்டுக் காத்திருப்பார்; முறை வரும்போது கேட்பார். வகுப்பின் பதிவு முழுதும் எழுத்தாகவே இருப்பதால், மின்வெட்டில் விடுபட்டவரும் பிறகு படித்துக்கொள்ளலாம். சிறுநகரங்களில் செல்பேசியைக் கணினியோடு பிணைத்து மெதுவான இணைப்பில் படித்த மாணவர்களுக்கு, காணொளி வகுப்பு எட்டாத காலத்தில் இது எட்டியது. குறைந்த வசதியிலிருந்து நிறைந்த பயன் எடுத்த இந்த வகுப்புகள், ஐஆர்சியின் பெருமைகளில் முதன்மையாகச் சொல்லத்தக்கவை.

புதிய செயலிகள் பலவற்றின் அடியிலும் ஐஆர்சி இருக்கிறது. 2007இல் கிறிஸ் மெசினா ட்விட்டரில் # குறியால் தலைப்புகளைத் தொகுக்கலாம் என்று சொன்னபோது ஐஆர்சி சேனல்களையே முன்மாதிரியாகக் காட்டினார். ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிய குழு தங்களுக்குள் பேச ஐஆர்சியை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்திய அனுபவத்திலிருந்து ஸ்லாக் பிறந்தது. ஸ்லாக்கோடு ஐஆர்சி நிரல்கள் வழியே இணையும் வசதி 2018 மே மாதம் வரை இருந்து, பிறகு மூடப்பட்டது. ட்விட்ச் நேரலைகளின் அரட்டை ஐஆர்சி நெறிமுறையில்தான் பேசுகிறது.

இன்று ஒருவர் ஐஆர்சிக்குப் போனால் கிடைப்பவை சில. செல்பேசி எண் கேட்பதில்லை; பொதுவான பல சேனல்களில் பெயரைப் பதிவுசெய்யக்கூட வேண்டியதில்லை. விளம்பரம் இல்லை. எந்த வரியை முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கீடு இல்லை. வந்த வரிசையில் எல்லாம் தெரியும். இருபது ஆண்டுப் பழைய கணினியும் மெதுவான இணைப்பும் போதும். 1999இல் பின்லாந்துக்காரரான டிமோ சிரைனன் எழுதிய இர்ஸி, 2003இல் தோன்றிய வீச்சாட் போன்ற நிரல்கள் இன்றும் பராமரிக்கப்படுகின்றன. நிரலெழுதப் பழகும் மாணவர் சில பத்து வரிகளில் பாட் எனப்படும் தானியங்கி நிரல் ஒன்றை எழுதிச் சேனலில் விடலாம். அதற்கு எந்த நிறுவனத்திடமும் அனுமதி வாங்க வேண்டாம். 1993இல் ராபி பாயின்டர் எழுதிய எக்டிராப் என்ற பாட் இன்றும் சேனல்களைக் காவல் காக்கிறது. ஒரு மென்பொருளில் சிக்கல் வந்தால், அதை எழுதியவரே இருக்கும் சேனலில் நுழைந்து கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். காத்திருப்பது இங்கே முக்கியம். பதில் மூன்று மணி நேரம் கழித்து வரலாம். கேள்வி கேட்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறுபவருக்கு ஐஆர்சி பயன்படாது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. இணைப்பு இல்லாத நேரத்தில் பேசப்பட்டது தானாகக் கிடைக்காது; அதற்காக எப்போதும் விழித்திருக்கும் கணினியில் இசட்என்சி போன்ற இடைநிலை நிரலை ஓடவிட வேண்டும். அடிக்கடி இணைப்பு அறுபடும் செல்பேசிக்கு இந்த முறை பொருந்தாது. அனுப்புநருக்கும் பெறுநருக்கும் மட்டுமே புரியும் மறையாக்கம் அடிப்படை நெறிமுறையில் இல்லை; சர்வர் வரையிலான பாதை மட்டும் டிஎல்எஸ் முறையால் காக்கப்படுகிறது. மறைத்துவைக்கும் வசதி இல்லாத வலைகளில் பயனரின் ஐபி முகவரி மற்றவருக்குத் தெரியும். மொஸில்லா போன்ற அமைப்பு 2020 மார்ச்சில் தன் ஐஆர்சி சர்வரை மூடி மேட்ரிக்ஸ் என்ற வேறோர் அரட்டை முறைக்கு மாறியதற்கு, தொல்லை தருபவர்களைக் கட்டுப்படுத்துவதில் இருந்த சிரமமும் காரணம். ரகசியம் பேசவும் குடும்பப் படங்களைப் பகிரவும் ஐஆர்சி ஏற்றதல்ல. திறந்த இடத்தில் பலர் கூடிச் செய்யும் வேலைக்கு அது இன்றும் ஏற்றது.

இந்தக் குறைகளில் சிலவற்றைத் தீர்க்க ஐஆர்சிவி3 என்ற தன்னார்வக் குழு வேலை செய்கிறது. பாதுகாப்பான உள்நுழைவு, ஒவ்வொரு செய்திக்கும் நேரக்குறி, விட்டுப்போன பேச்சைச் சர்வரிடம் கேட்டு வாங்குதல் ஆகியவற்றுக்கு அது விதிகள் வகுத்துவருகிறது. பழைய நிரலை வைத்திருப்பவர் இவை எதையும் அறியாமலே அதே சேனலில் பேசலாம் என்பது அந்த வேலையின் அடிப்படைக் கட்டுப்பாடு.

தமிழில் எழுதுவதற்கும் தடை இல்லை. மூல ஆவணம் எந்த எழுத்துமுறையையும் கட்டாயமாக்கவில்லை. யூனிகோட் பரவிய பிறகு யூடிஎஃப்-8 வழக்கமாகிவிட்டது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு, மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 15 பைட். அனுப்புநரின் பெயரும் முகவரியும் சேனலின் பெயரும் போக 512இல் மிஞ்சுவதில், ஒரு வரிக்கு ஏறக்குறைய பதினைந்து முதல் இருபது தமிழ்ச் சொற்கள் அடங்கும். அதற்கு மேல் போனால் நல்ல நிரல்கள் தாமே வரியை இரண்டாகப் பிரித்து அனுப்புகின்றன. புனைபெயரை மட்டும் பெரும்பாலான வலைகளில் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும்.